ஒரு கப்பலுக்கு இரண்டு படகு

எங்கள் கந்தோரில் உருப்படியாக வேலை செய்கிற ஆள் யார் என்று கேட்டால், மாடிப்படிக்குக் கீழே தண்ணீர்ப் போத்தல் பெட்டிகளுக்கு நடுவில் கிடக்கிற பழைய சேர்வர் கணினியைத்தான் கைகாட்டுவேன். மனேஜரைக் காட்ட மாட்டேன். மனேஜருக்கு மேல்மாடியில் ஏசி அறை, சுழல் கதிரை, கண்ணாடிக் கதவு. சேர்வருக்கு ஒரு மேசை விசிறி. அதுவும் நான் வீட்டிலிருந்து கொண்டுவந்து வைத்தது.

திருகோணமலைத் துறைமுகத்துக்குள் வருகிற கப்பல்கள் எல்லாமே கரையில் கட்டுவதில்லை. சில நடுவில் நங்கூரம் போட்டு நிற்கும். அதில் இருக்கிற மாலுமிகளை ஏற்றி இறக்க, மரக்கறி கொண்டுபோய்க் கொடுக்க, எஞ்சின் பார்க்கிறவனைக் கூட்டிப்போக என்று படகு அனுப்புவதுதான் எங்கள் கொம்பனியின் தொழில். படகுகள் கொம்பனிக்குச் சொந்தமில்லை. கிண்ணியா, குச்சவெளி, நகரம் என்று பல இடத்து ஆட்கள் தங்கள் படகோடு வந்து முறை வைத்து ஓடுகிறார்கள். ஓட்டத்துக்கு இவ்வளவு என்று கூலி. படகு கட்டுகிற ஜெட்டியில் ஒரு சின்னத் தகரக் கூடு இருக்கிறது. அதற்குள் ஒரு கணினி, ஒரு வோக்கிடோக்கி, ஒரு நானா. நானா என்றால் முஸ்லிம் ஆட்களின் பேச்சில் அண்ணன்; இவர் கிண்ணியா ஆள், என் மூத்த அண்ணன் வயது. கப்பலில் இருந்து வோக்கியில் படகு கேட்டால், கணினியில் அந்தக் கப்பலைத் தெரிவு செய்து, அனுப்பு என்கிற பொத்தானை அமத்துவார். அவ்வளவுதான் அவருடைய வேலை. அதைத் திறமாகச் செய்தார்.

அவர் அமத்தியதும் ஜெட்டிக் கணினி, கந்தோரில் கிடக்கிற சேர்வரைக் கூப்பிடும். சேர்வருக்குள் சி மொழியில் எழுதிய ஒரு நிரல் ஓடுகிறது. அது முறைப்படி அடுத்த படகை எடுத்து, படகோட்டிகளின் கொட்டிலில் தொங்குகிற மின்பலகையில் படகின் இலக்கத்தையும் கப்பலின் பெயரையும் போட்டு, மணியை அடித்து, 'அனுப்பியாச்சு' என்று ஜெட்டிக்குப் பதில் சொல்லும். தூரத்தில் நின்றுகொண்டு ஒரு வேலையைக் கூப்பிட்டுச் செய்விக்கிற இந்த முறைக்கு ஆர்.பி.சி. என்று பெயர். கூப்பிடுகிற பக்கம் லேசு. ஒரு வரியில் முடிந்துவிடும். கூப்பிட்டால் செய்து கொடுக்கிற பக்கம்தான் பாடு. வருகிற ஒவ்வொரு அழைப்பும் எந்த இலக்க வேலையைக் கேட்கிறது என்று பார்த்து, கூட வருகிற விபரத்தைப் பிரித்தெடுத்து, வேலையைச் செய்து, பதிலைச் சுற்றிக் கட்டி அனுப்ப வேண்டும். அந்தப் பக்கத்தைப் பராமரிப்பது நான்.

இந்த விதமான நிரல் எழுதுகிற எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு இலக்கம் கொடுப்போம். பூச்சியம் என்கிற இலக்கத்தை மட்டும் ஒரு வேலையும் செய்யாததுக்கு ஒதுக்கி வைப்போம். அதைக் கூப்பிட்டால் 'இருக்கிறேன்' என்று ஒரு பதில் வரும். வேறு ஒன்றும் நடக்காது. சேர்வர் உயிரோடு கிடக்கிறதா என்று பார்க்க மட்டும்தான் அது. நான் இந்தக் கொம்பனிக்கு வந்து சேர்ந்த புதிதில், தலைமையகம் கொழும்பிலிருந்து போன் எடுத்து எதைக் கேட்டாலும் எங்கள் மனேஜர் "ஓம் சேர், நான் இருக்கிறன் சேர்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைப்பதைக் கண்டு, இந்த மனிசனை யாரோ பூச்சியத்தில் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துச் சிரித்திருக்கிறேன். இப்போது சிரிப்பு வருவதில்லை.

அந்த நிரலில் இன்னொன்று எனக்குப் பிடிக்கும். கடைசியில் ஒரு கட்டளை இருக்கிறது. அதற்குள் போன நிரல் திரும்பி வராது. யாராவது கூப்பிடுகிறார்களா என்று காது கொடுத்துக்கொண்டு அங்கேயே கிடக்கும். ஒருவர் கூப்பிட்டால் அவருடைய வேலையை முழுதாக முடித்த பிறகுதான் அடுத்தவரைப் பார்க்கும். லீவு கேட்காது, தேத்தண்ணிக்குப் போகாது. அந்தக் கட்டளைக்குக் கீழே, 'இந்த இடத்துக்கு வந்திருக்கவே கூடாது' என்று ஒரு வரி எழுதி வைப்பது எங்கள் ஆட்களின் பழக்கம். இதை முதலில் எழுதியவர் இப்போது கனடாவில் இருக்கிறார். அவரும் அப்படி ஒரு வரி எழுதி வைத்திருக்கிறார். நான் பார்த்த காலத்தில் நிரல் அந்த வரிக்கு வந்ததேயில்லை.

இப்படி ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த சாமானில் மூக்கை நுழைக்க வேண்டும் என்று மனேஜருக்கு ஏன் தோன்றியது என்றால், கொழும்பில் ஒரு கூட்டத்துக்குப் போய், வேறு கிளைக்காரர் ஒருவர் தன் கைபேசியைத் தட்டித் தட்டி ஏதோ காட்டினதைப் பார்த்துவிட்டு வந்தார். வந்த கையோடு, ஒவ்வொரு படகு புறப்படும்போதும் தன் போனுக்கு ஒரு மெசேஜ் வர வேண்டும் என்றார். நான் லீவில் நின்ற ஒரு கிழமையில் கொழும்பிலிருந்து ஒரு இஞ்சினியர் வந்து அதைச் செய்து கொடுத்துவிட்டுப் போனாராம். கூர்ச் சப்பாத்து. பெயருக்கு முன்னாலும் பின்னாலும் எழுத்துகள். "இது இன்னும் சி-யிலயா ஓடுது?" என்று கேட்டுச் சிரித்தாராம். மனேஜரும் கூடச் சிரித்தாராம். விளங்கிச் சிரித்திருப்பார் என்று நான் நம்பவில்லை.

அதற்குப் பிறகுதான் ஒரு கப்பலுக்கு இரண்டு படகு போகத் தொடங்கியது. எல்லா நாளும் இல்லை. எப்போதாவது ஒரு நாள். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று போய்க் கப்பலின் ஏணிக்குக் கீழே இடித்துக்கொண்டு நிற்கும். மேலே பையோடு நிற்கிற மாலுமி எதில் இறங்குவது என்று தெரியாமல் இரண்டையும் மாறி மாறிப் பார்ப்பான். பிந்திப்போன படகு வெறுமனே திரும்பி வரும். ஆனால் பலகையில் இலக்கம் விழுந்து மணி அடித்தால் அது ஓட்டம்தான், கூலி உண்டு. ஆகவே படகோட்டிகளில் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. சும்மா வருகிற கூலியை வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கு என்ன விசரா? நானா மட்டும் வோக்கியில், "ஒண்டு போதும், ஒண்டு போதும்" என்று கத்திப் பார்ப்பார். பலகை போகச் சொன்ன பிறகு நானா சொல்வதை யார் கேட்கப்போகிறார்கள்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முதல் நாள் பின்னேரமும் அப்படி இரண்டு படகு போனது. இரண்டாவதாகப் போனது நானாவின் மச்சானுடைய படகு. அன்றைக்குத்தான் மனேஜருக்குக் கண் திறந்தது. மேல்மாடியில் இருந்து இறங்கி, என்னையும் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வரச் சொல்லி, ஜெட்டிக்கு வந்தார். படகோட்டிகள் எல்லாரும் கொட்டிலில் இருந்தார்கள். கூட்டுக்கு வெளியே நானாவைக் கூப்பிட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரிக் கதைத்தார்.

"நீர் ரெண்டு தரம் அமத்துறீர். பெருநாள் வருது, மச்சானுக்கு ஒரு ஓட்டம் கூட விழட்டும் எண்டு அமத்துறீர். என்னை என்ன பேயன் எண்டு நினைச்சீரோ?"

"நான் ஒருதரம்தான் சேர் அமத்தினன். அல்லாவுக்குத் தெரியும்."

"அல்லாவை இதுக்குள்ள இழுக்காதயும். எனக்கு இதில கிடக்கு." கைபேசியை நீட்டிக் காட்டினார். ஒரே கப்பலின் பெயரோடு இரண்டு மெசேஜ். "இது ரெண்டு. நீர் அமத்தினது ரெண்டு. இது பச்சைக் களவு."

களவு என்ற சொல்லை அவர் அவ்வளவு லேசாகச் சொன்னார். நானாவின் முகம் கறுத்துப்போனது. அவர் கொட்டிலைத் திரும்பிப் பார்த்தார். படகோட்டிகள் கயிற்றைப் பார்த்தார்கள், தண்ணீரைப் பார்த்தார்கள். மச்சான்காரன் எழும்பிப் போய்ப் படகுக்குள் இருந்து தண்ணீர் இறைக்கத் தொடங்கினான். தலைமையகத்தில் இருந்து விசாரணைக்கு ஆள் வரும் வரைக்கும் வேலைக்கு வர வேண்டாம், களவு என்று முடிவானால் வேலையும் போகும், பொலிசுக்கும் போகும் என்று சொல்லிவிட்டு மனேஜர் நடந்தார். நானா மோட்டார்சைக்கிளை உருட்டிக்கொண்டு ஜெட்டி வாசல் வரைக்கும் போய், அங்கேதான் அதை ஸ்டார்ட் பண்ணினார்.

எனக்கு அந்த இரண்டு மெசேஜும் மண்டைக்குள் நின்றன. மெசேஜ் எங்கே இருந்து வருகிறது என்று மனேஜரைக் கேட்டேன். "சேர்வரில இருந்துதான். இஞ்சினியர் போட்டுத் தந்தவர்," என்றார், அந்த இஞ்சினியரைத் தானே பெற்று வளர்த்த மாதிரி. என் நிரலுக்குள் வேறொருவர் கை வைத்தது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். கந்தோருக்குப் போனதும் நிரலைத் திறந்து பார்த்தேன்.

பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். படகை அனுப்புகிற வரிகளுக்குப் பிறகு, ஜெட்டிக்குப் பதில் சொல்கிற வரிக்கு முன்னால், சரியாக நடுவில் கொண்டுபோய் அந்த அறிவாளி மெசேஜ் அனுப்புகிற துண்டைச் செருகியிருக்கிறார். அதாவது படகு போய்விடும், மணி அடித்துவிடும். ஆனால் மனேஜருக்கு மெசேஜ் போய்ச்சேரும் வரைக்கும் ஜெட்டிக்குப் பதில் போகாது. சேர்வரில் செருகியிருக்கிற சின்ன மோடத்தில் ஒரு கைபேசி சிம் இருக்கிறது. சும்மா நாட்களில் அது டக்கென்று அனுப்பிவிடும். நகரத்தில் சனம் கூடி எல்லாரும் போனும் கையுமாக நிற்கிற நாட்களில் சிக்னல் திணறும். அப்போது மெசேஜ் போக நேரமெடுக்கும். பதிலும் அவ்வளவு நேரம் கிடக்கும்.

ஜெட்டிக் கணினி அவ்வளவு நேரம் பொறுக்காது. எங்கள் நிரல் பேசுகிற வழி, போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று உத்தரவாதம் தராத வழி. ஆகவே சில விநாடிகளுக்குள் பதில் வராவிட்டால், கூப்பிடுகிற பக்கம் அதே அழைப்பைத் தானாகவே இன்னொருதரம் அனுப்பும். அப்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள். பொத்தானை அமத்திய மனிசனுக்கு இது தெரியவே தெரியாது. திரையில் ஒன்றும் மாறாது. சேர்வர் என்ன செய்யும்? முதல் அழைப்பை முடித்துவிட்டு அடுத்ததை எடுக்கும். அது பழைய அழைப்பேதான் என்று அதற்கு எப்படித் தெரியும்? புது அழைப்பு என்று நினைத்து இன்னொரு படகை அனுப்பும். மனேஜருக்கு இன்னொரு மெசேஜும் அனுப்பும்.

ஆக, இரண்டாவது படகை அனுப்பினது மனேஜருடைய மெசேஜ். அந்த மெசேஜைத்தான் அவர் சாட்சியாகத் தூக்கிக் காட்டினார்.

இதற்கு மருந்தும் ஆர்.பி.சி.க்கென்று நாங்கள் பாவிக்கிற ஆயத்த நிரல் நூலகத்திலேயே இருக்கிறது. ஒவ்வொரு அழைப்பும் ஒரு அடையாள இலக்கத்தோடு வரும். திருப்பி அனுப்பினாலும் அதே இலக்கம்தான். 'கடைசியாகச் சொன்ன பதில்களைக் கொஞ்சம் ஞாபகம் வைத்திரு' என்று தொடக்கத்தில் ஒரு வரி எழுதிவிட்டால், அதே இலக்கம் மறுபடி வரும்போது சேர்வர் வேலையைத் திரும்பச் செய்யாது, பழைய பதிலையே எடுத்துக் கொடுத்துவிடும். சொல்லாவிட்டால் ஞாபகம் வைக்காது. கனடாக்காரர் அந்த வரியை எழுதவில்லை. அவர் காலத்தில் கண் மூடித் திறக்க முதல் பதில் போய்விட்டது, அதனால் தேவைப்படவுமில்லை. நான் அந்த வரியை எழுதி, மெசேஜ் துண்டையும் பதிலுக்குப் பின்னால் நகர்த்தித் தயாராக வைத்துக்கொண்டு மேல்மாடிக்குப் போனேன்.

மனேஜர் எல்லாவற்றையும் கேட்டார். கேட்கும்போது பேனையால் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"பிள்ளை," என்றார். எனக்கு நாற்பது வயது ஆகப்போகிறது, ஆனாலும் அந்த அறைக்குள் நான் பிள்ளைதான். "நீர் சொல்லுறதைப் பார்த்தா, என்ட மெசேஜாலதான் போட் போகுது எண்டு சொல்லுற மாதிரிக் கிடக்கு."

"ஓம் சேர். அதைத்தான் சொல்லுறன்."

"பேய்க்கதை கதையாதையும். அங்க பாரும், சேர்வர் பச்சையாக் கிடக்கு."

அவருடைய சுவரில் ஒரு திரை தொங்குகிறது. அதுவும் இஞ்சினியர் உபயம். நிமிடத்துக்கு ஒருமுறை சேர்வரின் பூச்சிய இலக்க வேலையைக் கூப்பிட்டு, 'இருக்கிறேன்' என்று பதில் வந்தால் பச்சை காட்டும். ஒரு வேலையும் செய்யாத ஒன்றைக் கேட்டு, எல்லாம் சரி என்று பதில் வாங்கி, அதைச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறார்கள். நான் அதை விளங்கப்படுத்தினேன். அவர் கடைசியாகச் சொன்னது இதுதான்: விசாரணை முடியும் வரைக்கும் நிரலில் ஒரு புள்ளியைக்கூடத் தொடக் கூடாது. தொட்டால் நான் சாட்சியத்தை அழிக்கிறேன் என்று அர்த்தமாம். அது மட்டுமில்லை, ஜெட்டிக் கூட்டுக்குள் ஆள் வேண்டும் என்று என்னையே அங்கே போய் இருக்கச் சொன்னார். கணினி படித்துவிட்டு இத்தனை வருடம் வேலை செய்த எனக்கு, பொத்தான் அமத்துகிற உத்தியோகம். வெயிலுக்குள் தகரக் கூட்டில் இருந்து அவிந்துகொண்டு, அந்த ஆளைப் பற்றி மனதுக்குள் நான் சொன்னவற்றை இங்கே எழுத ஏலாது.

நானாவுக்குப் போன் எடுத்து விஷயத்தைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். ஆர்.பி.சி.யோ அடையாள இலக்கமோ அவருக்கு வேண்டியிருக்கவில்லை.

"மிஸ், நான் ஒருதரம் அமத்தினன் எண்டது உங்கட புரோகிராமுக்குத் தெரியுமா?"

"தெரியும் நானா. ரெண்டும் ஒரே அழைப்புத்தான் எண்டு அதின்ட பதிவில பார்க்கலாம்."

"அது போதும். இஞ்ச பள்ளிவாசலுக்குப் போகவே ஏலாமக் கிடக்கு. மச்சான்ட வீட்டாக்களும் வாறதில்ல. வேலை போனாப் போகட்டும் மிஸ், கடலுக்குப் போயாவது பிழைப்பன். கள்ளன் எண்ட பேரோட போக ஏலாது."

அதைச் சொல்லும்போது அவர் குரல் உடையவில்லை. உடைந்திருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. விசாரணைக்கு வரப்போகிறவர் யார் என்று கேட்டுப் பார்த்தேன். அந்த இஞ்சினியரைக் கொழும்பில் வேலைக்கு எடுத்த ஆளாம். அவர் வந்தால் நியாயம் கிழிந்த மாதிரித்தான்.

ஆகவே மனேஜரை அவருக்குப் பிடித்த வழியாலேயே கூட்டிப்போக வேண்டியிருந்தது. இரண்டு நாள் அந்தக் கூட்டுக்குள் யோசித்துவிட்டு மேலே போனேன். "சேர், நானும் யோசிச்சுப் பார்த்தன். நீங்கள் சொல்லுறதும் சரியா இருக்கலாம்," என்று தொடங்கினேன். மனிசன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நீங்களே ஒருக்கா எல்லாருக்கும் முன்னால அமத்திக் காட்டினால் என்ன? ஒருதரம் அமத்தினால் ஒரு போட் போகும். எல்லாரும் பார்ப்பினம். பிறகு விசாரணைக்கு வாறவருக்கு வேலையே இல்லை, நீங்கள்தான் கண்டுபிடிச்சனீங்கள் எண்டு எழுதுவினம்." நீங்கள்தான் என்ற சொல்லில் கொஞ்சம் அழுத்தினேன். அது போதுமாக இருந்தது. எப்போது செய்யலாம் என்று கேட்டார். அம்மன் கோயில் தேர் அன்றைக்கு என்றேன். அன்றைக்குப் படகோட்டிகள் எல்லாரும் ஜெட்டியில் நிற்பார்கள், தேர் சுற்றி முடித்து இருப்பிடத்துக்கு வந்த பிறகு வந்தால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும் என்றேன். தேருக்கு ஊர்ச்சனம் முழுக்கத் திரண்டு, எல்லாரும் படமெடுத்து அனுப்பி, நகரத்தில் ஒரு போனும் ஒழுங்காக வேலை செய்யாது என்பதை மட்டும் சொல்லவில்லை.

சொல்லாமல் விட்டாலும் பயம் இருந்தது. அந்த நேரத்தில் மட்டும் சிக்னல் நன்றாக இருந்துவிட்டால்? மெசேஜ் டக்கென்று போய்விட்டால் ஒரே படகுதான் போகும். மனேஜர் அமத்தினால் ஒன்று, நானா அமத்தினால் இரண்டு என்று ஊரே சொல்லும். நானாவைக் கள்ளனாக்கி முடித்தது நானாக இருப்பேன்.

மனேஜர் கோயிலில் இருந்து நேராகவே வந்தார். பட்டு வேட்டி, தோளில் சால்வை, நெற்றியில் சந்தனமும் குங்குமமும், கையில் அர்ச்சனைத் தட்டுப் பை. படகோட்டிகள் கொட்டிலில் இருந்து எழும்பி வந்து நின்றார்கள். நானாவும் வந்திருந்தார். வரமாட்டேன் என்றுதான் முதலில் என்னிடம் சொல்லியிருந்தார். கூட்டின் வாசலுக்கு வெளியே, உள்ளே பார்க்கக்கூடிய மாதிரி, கைகட்டி நின்றார். மச்சான் அவருக்குக் கிட்ட வரவில்லை. மனேஜர் நானாவைக் காணாதவர் போல உள்ளே வந்து நான் இருந்த கதிரையில் இருந்தார்.

காத்திருக்கத் தேவைப்படவில்லை. ஒரு கப்பலில் இருந்து இரண்டு மாலுமிகளை ஏற்ற ஒரு படகு கேட்டார்கள். மனேஜர் சால்வையைத் தூக்கிப் போட்டு, எல்லாரும் பார்க்கிற மாதிரிக் கையை உயர்த்தி, சுட்டுவிரலால் ஒருதரம் அமத்தினார். அமத்திவிட்டுக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். உள்ளதைச் சொல்ல வேண்டும், மிகத் துப்புரவாகத்தான் அமத்தினார்.

கொட்டிலில் மணி அடித்தது. பலகையில் இலக்கம் விழுந்தது. முதல் படகு வெளிக்கிட்டது. மனேஜர் என்னைத் திரும்பிப் பார்த்தார், 'என்ன பிள்ளை' என்கிற பார்வை. திரையில் இன்னும் பதில் வரவில்லை. கோயில் பக்கமிருந்து ஒலிபெருக்கி கேட்டது. பிறகு மனேஜரின் வேட்டி மடிப்புக்குள் போன் ஒருதரம் சத்தமிட்டது. அது ஓய முதலே கொட்டிலில் மணி மறுபடி அடித்தது. பலகையில் இரண்டாவது இலக்கம். அதே கப்பலின் பெயர். இரண்டாவது படகும் எஞ்சினைத் தட்டிக்கொண்டு வெளிக்கிட்டது. கொஞ்சத்தால் போன் இரண்டாம் தரமும் சத்தமிட்டது.

யாரோ ஒரு படகோட்டி சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினான். நான் வாயைத் திறந்தேன். இத்தனை நாள் வெயிலுக்குள் இருந்து சொல்லுக்குச் சொல் கோத்து வைத்திருந்த பேச்சு அது. மனேஜர் முந்திக்கொண்டார்.

"விரல் ரெண்டு தரம் பட்டிட்டுது போல கிடக்கு."

இப்படி ஒரு மனிசன் இருப்பானா? தன் மெசேஜில் பிழை என்று ஒத்துக்கொள்வதைவிடத் தன் விரலில் பிழை என்று சொல்வது அவருக்குச் சுகமாக இருந்தது. கண்ணுக்கு முன்னால் நடந்ததைப் பார்த்துக்கொண்டு, சந்தனம் காயாத நெற்றியோடு சொன்னார்.

"இல்ல சேர்."

வாசலில் இருந்து நானா சொன்னார். சத்தமாகச் சொல்லவில்லை.

"நீங்க ஒருதரம்தான் அமத்தினீங்க. நான் பாத்துக்கொண்டு நிண்டனான்."

மனேஜர் அப்போதுதான் அவரைப் பார்த்தார். "என்ட விரல் பட்டது உமக்கென்னண்டு தெரியும்?"

"எனக்குத் தெரியும் சேர். எந்தப் பெரிய ஆள் வந்து கேட்டாலும் சொல்லுவன். பள்ளியில வச்சுக் கேட்டாலும் சொல்லுவன். சேர் ஒருதரம்தான் அமத்தினவர், சேரில பிழையில்ல எண்டு." கொஞ்சம் நிறுத்தினார். "எனக்கு அப்பிடிச் சொல்ல அண்டைக்கு இஞ்ச ஒருத்தரும் இருக்கேல்ல."

அவர் மனேஜரைப் பார்த்துத்தான் சொன்னார். ஆனால் கொட்டிலில் நின்றவர்கள் முகம் எல்லாம் விழுந்தது. மச்சான்காரன் தலையைக் குனிந்துகொண்டான். அன்றைக்கு மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு மனேஜருக்குப் பின்னால் நின்ற எனக்கும் அது பட்டது. பட வேண்டியதுதான்.

"நான் இப்ப போய் அந்த வரியைப் போடப் போறன் சேர்," என்றேன். மனேஜர் பையைத் தூக்கிக்கொண்டு கதிரையில் இருந்து எழும்பினார். மன்னிப்பு என்கிற சொல் அவர் படித்த பள்ளிக்கூடங்களில் ஒன்றிலும் சொல்லிக் கொடுக்கவில்லை போலும். வாசலில் நானாவுக்குப் பக்கத்தால் போகும்போது, "நாளைக்கு வேலைக்கு வாரும்," என்று மட்டும் சொன்னார்.

நானா நாளைக்கு வரைக்கும் பொறுக்கவில்லை. உள்ளே வந்தார். தோளில் கிடந்த துவாயை எடுத்து, மனேஜர் இருந்த கதிரையை, முதுகுப் பக்கம், கைப்பிடி, இருக்கிற இடம் என்று ஒரு இடம் விடாமல் துடைத்தார். மனேஜர் கூட்டின் படியில் நின்று அதைப் பார்த்தார். துடைத்து முடித்துவிட்டு நானா இருந்தார். வோக்கியைக் கையில் எடுத்து, இரண்டாவதாகப் போன படகைத் திரும்பி வரச் சொன்னார்.